எனக்குத் தெரிந்த ஒரு மாப்பிள்ளை

பி.காம். இரண்டாம் ஆண்டு படித்தபோது நான் ஒரு வலைப்பூ வைத்திருந்தேன். இதைச் சொன்னால் என் வயதுக்காரர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். ஊரே ரீல்ஸ் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் வலைப்பூ எழுதுவது, கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போவது மாதிரி. போகலாம், ஏற்றலாம், திரும்பி வரலாம். உள்ளே இருப்பவர்கள் எழுந்து வந்து கருத்துச் சொல்ல மாட்டார்கள். எனக்கு ஒரே ஒருவர் கருத்துச் சொல்லியிருந்தார். அவர் தூக்க மாத்திரை விற்கிற வெளிநாட்டுக்காரர்.

ஆனாலும் விடாமல் எழுதினேன். காரணம், கோபம். பிறந்தநாள் கேக்கை வாளால் வெட்டுகிறவனைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். துக்க வீட்டில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போனைப் பார்த்து உதட்டைச் சரிசெய்கிறவளைப் பார்த்தால் கோபம் வரும். மீன் வாங்க வந்து, பாறை மீனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துவிட்டு, வாங்காமல் போகிறவர்களைப் பார்த்தால் மீன்காரியைவிட எனக்கு அதிகமாக வரும். தூத்துக்குடியை முத்துநகர் என்கிறார்கள். பேக்கரியிலிருந்து பஞ்சர் கடை வரை முத்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முத்துக் குளித்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் இருந்த முத்து, அக்காவின் கழுத்தில் கிடந்த பிளாஸ்டிக் மாலை மட்டும்தான். அதற்கும் ஒரு கட்டுரை எழுதினேன்.

கருத்து எழுதுவது எப்படி என்று நான் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து பத்திரிகைகளின் நடுப்பக்கத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அங்கே எழுதுகிற பெரியவர்களுக்கு எப்போதும் ஒரு நண்பர் இருப்பார். அந்த வாரக் கட்டுரைக்கு எது தேவையோ அதை அந்த நண்பர் செய்து வைத்திருப்பார். விலைவாசி பற்றிக் கட்டுரை என்றால் அன்று காலைதான் தக்காளி வாங்கப் போயிருப்பார். குடும்பச் சிதைவு பற்றி என்றால் மனைவியோடு சண்டை போட்டிருப்பார். பாவப்பட்ட மனிதர். அதோடு அவர்கள் ஏறுகிற ஆட்டோவின் ஓட்டுநர்கள் எல்லோரும் தத்துவம் பேசுவார்கள். நான் ஏறிய ஆட்டோக்காரர்கள் யாரும் “கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, இன்னொரு ஆளு ஏறணும்” என்பதைத் தாண்டி எதுவும் பேசியதில்லை. கடைசி வரியில் “நாம் எங்கே போய்க்கொண்டிருக்கிறோம்?” என்று கேட்டு முடிப்பார்கள். யாரிடம் கேட்கிறார்கள் என்று தெரியாது. நானும் கேட்டேன்.

நான் எழுதுவதை வெளியிடும் முன்பே கேட்கிற ஒரு ஜீவன் இருந்தது. அது என் அக்கா. தனியார் பள்ளி ஒன்றில் யு.கே.ஜி. டீச்சர். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் குசினியில் உட்கார்ந்து, வெங்காயம் உரித்துக்கொண்டே, என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். பிடித்திருந்தால் என் புறங்கையில் சிவப்புப் பேனாவால் ஒரு ஸ்டார் போடுவாள், அவள் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போடுவது போல. பிடிக்காவிட்டால், “ஏளா, நாம எங்கன போயிட்டிருக்கோம்னு பொறவு பாக்கலாம், மொதல்ல போயி தட்டைக் கழுவு” என்பாள். நான் அந்த ஸ்டாருக்காகத்தான் எழுதினேன் என்பது எனக்கே அப்போது தெரியாது. சமுதாயத்தைத் திருத்துவதற்காக எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஊர் மணப்பாடு, வேலை சரக்குக் கப்பலில். ஏறினால் மாதக்கணக்கில் கடல், இறங்கினால் கொஞ்ச நாள் லீவு. எங்கள் கத்தோலிக்க வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிவில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், தடை ஏதும் இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் பங்குச்சாமியிடம் வந்து சொல்ல வேண்டும், தெரிந்தும் மறைப்பது பாவம் என்று சாமி ஒலிபெருக்கியில் அறிவிப்பார். மூன்று ஓலையும் வாசித்து முடிந்தால்தான் கல்யாணம். எங்களுக்கு மூன்றாம் ஓலை ஞாயிறு, கல்யாணம் மறுநாள் திங்கள், அந்த வாரமே விபூதிப் புதன். அதற்குப் பிறகு தவக்காலம்; தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் வருவதற்குள் மாப்பிள்ளை கப்பல் ஏறிவிடுவார். அதாவது அந்த மூன்றாம் ஓலை தப்பினால் அடுத்த வருஷம்தான். ஏற்கெனவே ஒரு தடவை கப்பல் வராமல் கல்யாணம் தள்ளிப் போயிருந்தது.

இந்தச் சமயம் பார்த்துத்தான் எனக்குக் கல்யாணப் போட்டோக்களின் மேல் கோபம் வந்தது.

எங்கள் பக்கத்தில் உப்பளங்கள் உண்டு. வாரிக் குவித்த உப்பு வெள்ளை வெளேரென்று அம்பாரமாகக் கிடக்கும். கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ எடுக்கிற கூட்டம் அதைக் கண்டுபிடித்துவிட்டது. தூரத்திலிருந்து எடுத்தால் பனிமலை மாதிரி இருக்குமாம். அதனால் மாப்பிள்ளையும் பெண்ணும் கம்பளி ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு, தூத்துக்குடி மத்தியான வெயிலில், உப்பின் மேல் ஏறி நின்று, குளிரில் நடுங்குவதாக நடிப்பார்கள். கேமராக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் நடுங்குங்க அண்ணே” என்பார். அவர்கள் வியர்வையில் நனைந்துகொண்டு நடுங்குவார்கள். பக்கத்தில் உப்பு வாருகிறவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

இதை நான் என் கண்ணால் பார்த்தேன். பிறகு மணப்பாட்டு மணல்மேட்டில் புகை கக்குகிற குச்சியைப் பிடித்துக்கொண்டு ஓடிய ஒரு ஜோடியைப் பார்த்தேன். கடற்கரையில் வாடகைக் குதிரை மேல் ஏற்றப்பட்டு, இறங்கத் தெரியாமல் கத்திய மாப்பிள்ளையைப் பார்த்தேன். ஒரு ட்ரோனைப் பருந்து துரத்தியதையும் பார்த்தேன். எல்லாவற்றையும் ஒரே மாப்பிள்ளையின் தலையில் கட்டி ஒரு கட்டுரை எழுதினேன். நடுப்பக்கப் பெரியவர்களின் பாணியில் தலைப்பு வாசிப்பவரைக் கடிக்க வேண்டும் என்று ‘ஒரு மாப்பிள்ளை, இரண்டு கல்யாணம்’ என்று வைத்தேன். இப்படி ஆரம்பித்தேன்: “எனக்குத் தெரிந்த ஒரு மாப்பிள்ளை இருக்கிறார். அடுத்த வாரம் அவருக்குக் கல்யாணம். ஆனால் அவருக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் நடந்து முடிந்துவிட்டது.” அதற்கு அடுத்த வரியில்தான் விஷயம் வரும்: மாலை மாற்றி, மோதிரம் போட்டு, காரில் கையசைத்து, எல்லாமே கேமராவுக்காக ஒரு மாதம் முன்னாலேயே நடந்துவிட்டது, இனிமேல் கோயிலில் நடக்கப்போவது மறுஒளிபரப்புத்தான் என்று.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு அப்படி ஒரு போட்டோவும் எடுக்கவில்லை, மாப்பிள்ளை கடலில் இருந்ததால். ஆனால் ஸ்டார் போடாமல் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள்.

“தலைப்ப மாத்து. நம்மூருல தலைப்பத்தான் படிப்பாவ.”

“தலைப்பு கடிக்கணும்க்கா.”

“கடிக்கட்டும். ஆரக் கடிக்குன்னு பாத்துக்க.”

பாதி ஸ்டார் போட்டாள். நான் தலைப்பை மாற்றவில்லை. யாரும் படிக்காத வலைப்பூவில் தலைப்பு யாரைக் கடிக்கப் போகிறது என்று வெளியிட்டுவிட்டு, அந்த ஞாயிறு இரண்டாம் ஓலை வாசிப்பதைக் கேட்கக் கோயிலுக்குப் போய்விட்டேன்.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் துறைமுகத்தில் ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்க்கிற ஓர் அலுவலகத்தில் வேலை செய்தார். சீல் வைத்த கண்டெய்னர் வரும், சீல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார், கப்பலுக்கு அனுப்புவார். உள்ளே முந்திரிப் பருப்பா, பனியனா என்று திறந்து பார்ப்பது அவர் வேலையில்லை. இந்த ஒழுங்கை அவர் வாட்ஸ்அப்பிலும் கடைப்பிடித்தார். எது வந்தாலும் திறக்காமல் அனுப்பிவிடுவார். அன்று மத்தியானம், பெண் எழுதுகிறாள் என்று யாரோ சொல்லக் கேட்டுப் பூரித்துப்போய், என் கட்டுரையின் இணைப்பை எங்கள் அன்பியக் குழுவுக்கு அனுப்பினார். அன்பியம் என்பது எங்கள் தெருக் குடும்பங்கள் வாரம் ஒருமுறை சேர்ந்து ஜெபம் செய்கிற கூட்டம். ஜெபம் வாரத்துக்கு ஒருமுறைதான், வாட்ஸ்அப் எந்நேரமும். “எனது இளைய மகள் எழுதியது. அனைவரும் படித்துப் பயன்பெறவும்” என்று கும்பிடு போட்டு அனுப்பியிருந்தார்.

ரோஜாப் பூக்கள் வந்தன. வாழ்த்துகள் வந்தன. ஒருவர் “ஆமென்” என்றார். யாரும் இணைப்பைத் தொடவில்லை. போன் திரையில் தானாகத் தெரிந்த தலைப்பையும் முதல் மூன்று வரிகளையும் மட்டும் படித்தார்கள். அதற்குப் பிறகு குழுவில் ஒரு சத்தமும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் அமைதி என்றால் எல்லோரும் தனித்தனியாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று அர்த்தம்.

திங்கள்கிழமை, மணப்பாட்டு மாப்பிள்ளைக்குக் கொழும்பில் ஒரு மனைவி இருந்தாள். கப்பல்காரர் அல்லவா, கொழும்பு பக்கம்தானே. செவ்வாய்க்கிழமை ஒரு குழந்தை பிறந்தது. புதன்கிழமை அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டது. என் வலைப்பூவில் நான் இத்தனை நாள் எழுதியதைவிட அதிகமாக, எங்கள் தெரு அந்த மூன்று நாளில் எழுதித் தள்ளியது. அதையும் சும்மா சொல்லக்கூடாது, நடை நன்றாக இருந்தது.

அன்று சாயங்காலம் பங்குச்சாமி அப்பாவுக்குப் போன் செய்தார். தடை உண்டு என்று ஒருவர் வந்து சொல்லியிருக்கிறார், விசாரித்து முடிக்கும் வரை மூன்றாம் ஓலையை வாசிக்க முடியாது என்றார். அப்பா போனை வைத்துவிட்டு, “என்ன தடைன்னு கேட்டேன், நம்ம வீட்டுலேருந்தேதான் வந்திருக்குன்னு சொல்லுதாவ” என்று எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அம்மா, “மாதாவே” என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு அப்பாவின் போனை வாங்கிப் பார்த்து, எழுந்து நின்று எங்கள் இருவரையும் திட்ட ஆரம்பித்தாள். அனுப்பியவரையும் எழுதியவளையும் சரிபாதியாகத் திட்டினாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், எங்கள் வீட்டில் இரண்டு நுணல்கள்.

மாப்பிள்ளை மணப்பாட்டிலிருந்து அக்காவைக் கூப்பிட்டார். அதற்குள் செய்தி அங்கேயும் போயிருந்தது. “கொழும்புல எனக்குப் புள்ள இருக்காம்லா. பேரு என்ன வச்சிருக்காவ?” என்று கேட்டார். அக்கா சிரித்தாள். போனை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய், உரிக்க வேண்டிய வெங்காயம் ஒன்றும் இல்லாமலே அழுதாள். நான் கதவருகே நின்று பார்த்தேன். “ஏளா, நான் சொன்னேம்லா” என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள், பங்குச்சாமி தங்கியிருக்கிற சாமியார் பங்களாவுக்கு அப்பாவும் நானும் போனோம். தடை சொன்னவர் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். அது எங்கள் அன்பியத் தலைவி. நாங்கள் மாமி என்று கூப்பிடுவோம். கெட்ட எண்ணம் உள்ளவர் இல்லை. அக்கா முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மைக்குத் தலைக் கிரீடம் செய்து கொடுத்தவர். எங்களைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நானா ஒண்ணும் தேடிப் போவல சாமி. அவிய அப்பாவேதான் குரூப்புல போட்டிருக்காவ. தடை தெரிஞ்சும் சொல்லாம இருந்தா பாவம்னு நீங்கதான ஓலை வாசிக்கையில சொல்லுதிய.”

“கட்டுரையை முழுசாப் படிச்சியளா?” என்று சாமி கேட்டார்.

“படிச்சேன் சாமி.”

“முழுசா?”

“போன்ல தெரிஞ்ச வரைக்கும் படிச்சேன்.”

சாமி அப்பா பக்கம் திரும்பினார். “நீங்க படிச்சியளா?”

“அனுப்புனேன் சாமி.”

“படிச்சியளான்னு கேட்டேன்.”

“எம் மவ எழுதுனது. நல்லாத்தான இருக்கும்,” என்றார் அப்பா.

அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, கடலில் தள்ளவும் தோன்றியது.

சாமி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் கட்டுரையைச் சத்தமாக வாசித்தார். பிரசங்கக் குரல். என் எழுத்து அவ்வளவு கம்பீரமாக ஒலித்து நான் கேட்டதில்லை. உப்பு அம்பாரத்தில் நடுங்குகிற இடம் வந்ததும் அவர் தோள் குலுங்கியது. குதிரை வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் “நாம் எங்கே போய்க்கொண்டிருக்கிறோம்?” என்று முடித்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“எல்லாம் சரி. இந்த மாப்பிள்ளை யாரு?”

“அப்படி ஒரு ஆளே கிடையாது ஃபாதர்.”

“எனக்குத் தெரிந்தன்னு எழுதியிருக்க. கிடையாத ஆளு உனக்கு எப்படித் தெரியும்?”

“கட்டுரைன்னா அப்படித்தான் ஃபாதர் எழுதுவாங்க. நாலு பேர்ட்ட பாத்ததை ஒரு ஆள் மேல வச்சி எழுதுறது.”

“அப்ப பொய்தான?” என்றார் மாமி.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அழ வேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம்தான் வரும்.

“அப்ப சாமி பிரசங்கத்துல மட்டும்? ‘எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், மூணு மகன்மார், பெத்த தாயைத் திரும்பிப் பாக்கல’ன்னு சொன்னாங்களே. அவங்க யாராம்?”

அப்பா என் காலை மிதித்தார்.

“அது எங்க கொழுந்தன் வீடுல்லா,” என்றார் மாமி. “அன்னைக்கே எங்களுக்குத் தெரிஞ்சிட்டுது.”

“எங்க ஆபீஸ் மேனேஜர் வீடுன்னுல்லா நான் நெனச்சேன்,” என்றார் அப்பா.

சாமி மேசை மேல் இருந்த தண்ணீரை எடுத்து முழுவதும் குடித்தார். எங்கள் பங்குக் கோயிலின் மாத இதழில் கடைசிப் பக்கக் கட்டுரை எழுதுகிறவர் அவர்தான். அந்த மூன்று மகன்மாரையும் அவர் எங்கிருந்து பெற்றார் என்று எனக்குத் தெரியும், நான் மாப்பிள்ளையைப் பெற்ற இடத்திலிருந்துதான். எங்கள் கண்கள் ஒரு நொடி சந்தித்தன. ஒரே தொழில் செய்கிற இருவர் சந்தையில் பார்த்துக்கொள்வார்களே, அந்தப் பார்வை.

அப்போதுதான் மாமி, “சாமி, அந்த ஸ்வெட்டர் இடத்த இன்னொருக்க வாசிங்க” என்றார்.

சாமி வாசித்தார்.

“செவப்பு ஸ்வெட்டர்னா போட்டிருக்கு?”

“சிவப்பு ஸ்வெட்டர்னுதான் இருக்கு.”

மாமி நாற்காலியை விட்டு எழுந்தார். “எம் மவன் சாமி! எம் மவனேதான்! அந்தச் செவப்பு ஸ்வெட்டரு அவன் மச்சான் ஊட்டியிலேருந்து வாங்கிட்டு வந்தது. உப்பளத்துக்குப் போயி படம் எடுத்துட்டு வந்து மேலெல்லாம் வேர்க்குருன்னு நாந்தான் பவுடர் போட்டு விட்டேன். ஏளா, எங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டு எம் மவனையா எழுதிருக்க?”

நான் உண்மையாகவே அவர் மகனைப் பார்க்கவில்லை. நான் பார்த்தது வேறு ஒரு ஸ்வெட்டர், அதன் நிறம்கூட நீலம். சிவப்பு என்றால் வாசிக்க எடுப்பாக இருக்குமே என்று மாற்றியிருந்தேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். சாமி என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

“இருங்க. அப்ப இந்தக் கட்டுரையில வார மாப்பிள்ளை உங்க மகன்.”

“ஆமா சாமி. சத்தியமா.”

“மணப்பாட்டுக்காரர் இல்ல.”

மாமி யோசித்தார். “அந்தப் பையன்ட்ட ஸ்வெட்டர் ஏது?”

“உங்க மகனுக்குப் போன வருஷம் நான்தான் கல்யாணம் முடிச்சி வச்சேன். அப்ப, அதுக்கு முன்னாலயே அவனுக்கு ஒரு கல்யாணம் ஆகி, கொழும்புல ஒரு புள்ளையும்…”

“சேசுவே! என்ன சாமி பேசுதிய! அது சும்மா போட்டோவுக்குப் பண்ணுனதுல்லா! இங்கன எழுதியிருக்கே, கேமராவுக்குன்னு! முழுசாப் படிங்க சாமி!”

“அப்ப அது தடை இல்ல.”

“என்ன தடை? ஒரு தடையுமில்ல!”

“ஞாயித்துக்கிழமை மூணாம் ஓலை வாசிக்கேன்,” என்றார் சாமி.

வெளியே வந்ததும் அப்பா பெட்டிக்கடையில் சோடா வாங்கிக் குடித்தார். பிறகு போனை எடுத்து, முதல்முறையாக என் கட்டுரையைத் திறந்து படித்தார். தெருவிலேயே நின்று, கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, கடைசி வரி வரை படித்தார். “குதிரை நல்லாருக்கு” என்றார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் இப்போது தெருவில் எல்லோரும் கட்டுரையை முழுவதும் படித்துவிட்டார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், அது எங்கள் வாசலில் வரிசையாக வந்து நின்றது. குதிரையில் ஏறிய மாப்பிள்ளையின் அம்மா வந்தார். புகைக்குச்சி பிடித்து ஓடியவனின் சித்தப்பா வந்தார். அந்தக் கத்தல் என் அண்ணனுடையதுதான் என்று ஒருத்தி வந்தாள். எல்லோருக்கும் அம்மா தேநீர் போட்டுக் கொடுத்து, கல்யாணத்துக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். சனிக்கிழமை ஓர் அம்மா முகம் வாடி வந்தார். “எம் மவனும் ட்ரோன் வச்சித்தான எடுத்தான். எங்கள மட்டும் ஏன் எழுதல? நாங்க என்ன குறைஞ்சவுகளா?” என்று கேட்டார். அந்த ட்ரோன் உங்கள் மகனுடையதுதான் என்று சொன்னேன். அவர் நிம்மதியாகத் தேநீர் குடித்தார். ஆளே கிடையாத ஒரு மாப்பிள்ளை, அந்த வாரக் கடைசியில் எங்கள் பங்கில் பாதிப் பேருக்கு மகனாகிவிட்டார்.

ஞாயிறு பூசைக்கு நாங்கள் முன் வரிசையில் உட்கார்ந்தோம். சாமி பிரசங்கத்தில் நாவடக்கம் பற்றிப் பேசினார். நடுவில், “எனக்குத் தெரிந்த ஒரு பெண் இருக்கிறாள். கல்லூரியில் படிக்கிறாள். ஏதாவது எழுதிக்கொண்டே இருப்பாள்” என்றார். மாமி முதல் கடைசி வரிசைக்காரர் வரை எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் யார் அந்தப் பெண் என்று திரும்பிப் பின்னால் பார்த்தேன். பின்னால் இருந்த பாட்டுக்குழுப் பெண் பயந்துபோய், தான் இல்லை என்று தலையாட்டினாள்.

பூசை முடிவில் ஓலையைக் கையில் எடுத்தார். அக்காவின் பெயர், மாப்பிள்ளையின் பெயர், அப்பா அம்மா பெயர்கள், மூன்றாம் அறிவிப்பு. “இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள்…” என்று சொல்லி நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். கோயில் முழுவதும் மறுபடி என்னைப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். அம்மா என் தொடையைக் கிள்ளத் தயாராக விரல்களை வைத்துக்கொண்டாள்.

எனக்கு ஒரு தடை இருந்தது. அதற்கும் மாப்பிள்ளைக்கும் சம்பந்தமில்லை, அவர் தங்கமான மனிதர். நாளைக்கு அக்கா மணப்பாட்டுக்குப் போய்விடுவாள். நாளை ராத்திரி குசினியில் யாரும் இருக்க மாட்டார்கள். நான் எழுதியதை யாரிடம் வாசிப்பேன், யார் என்னைத் தட்டைக் கழுவச் சொல்வார்கள்? அக்கா போகக்கூடாது. எழுந்து நின்று அதைச் சொல்ல வேண்டும்போல் எனக்கு நிஜமாகவே இருந்தது. ஊரில் உள்ள எல்லாவற்றைப் பற்றியும் கருத்துச் சொன்ன நான், சொல்லாமல் விழுங்கிய ஒரே கருத்து அதுதான்.

சாமி ஒரு கணம் காத்திருந்துவிட்டு ஓலையை மடித்தார். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, பீடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, பேனா இல்லாததால் நகத்தாலேயே, என் புறங்கையில் அழுத்தி ஒரு முழு ஸ்டார் போட்டாள்.